சுண்டுவிரல் பக்கப் புடைப்பு: ஷூவில் எங்கே இடம் விடுவது?

சுண்டுவிரலின் அடியில், பாதத்தின் வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஷூவைச் சரிசெய்ய யோசனை வேண்டும். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் 4-வது, 5-வது பாத எலும்புகளுக்கு (நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்புகள்) இடையே கோணம் 11 டிகிரி. வழக்கமாக 8-க்குள் இருக்கும். எலும்பின் தலை பெருக்கவில்லை, எலும்பே வெளியே விலகியிருக்கிறது. அதைப் பேடோ பட்டையோ உள்ளே தள்ளாது. உரசலைக் குறைத்தால் போதும்.

முன்பக்கம் அகலமான ஷூ மாற்றியாயிற்று. புடைப்பின் மேலேயே ஜெல் பேட் வைத்தால் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது பிடித்துக்கொண்டு அழுத்தம் கூடுகிறது. 5 மி.மீ. ஃபெல்ட்டில் (அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி) நடுவே ஓட்டை போட்டுச் சுற்றி ஒட்டினால் தேவலை. ஆனால் வியர்வையில் நழுவி, ஓட்டையின் விளிம்பே புடைப்பின் மேல் ஏறிவிடுகிறது. (சர்க்கரை நோய் உண்டு. அதனால் ஆணிக்கால் பிளாஸ்டர் பேச்சே வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.)

ஃபெல்ட்டைக் காலில் ஒட்டாமல் ஷூவின் உள்சுவரில் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டா? நிற்கிறதா? தோல் ஷூவில் அந்த ஒரு இடத்தை மட்டும் இழுத்து விரிக்க எத்தனை நாள் விடுகிறீர்கள், எத்தனை மி.மீ. வரை தையல் தாங்கும்? அறுவை சிகிச்சை யோசனை இப்போதைக்கு வேண்டாம். தோல் சிவந்தாலோ புண்ணானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போவதாக ஏற்பாடு.