வென்டிலேட்டரிலிருந்து அப்பா, அம்மா மீண்ட நாட்கள்: உங்கள் அனுபவம்

வைகைக்கரை

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாற்பது வருட பீடி. நிமோனியா வந்து வாய் வழியாக டியூப் போட்டு, 11-ஆம் நாள் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். அதுவரை நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். விட்டுவிடுகிறேன்.

எனக்குள் இன்னும் அரித்துக்கொண்டிருப்பது 16-ஆம் நாள் சாயங்காலம். அன்றுதான் டி-பீஸில் (மெஷினைக் கழற்றிவிட்டு ஆக்ஸிஜன் மட்டும் கொடுக்கும் குழாய்) முதன்முறையாக இரண்டு மணி நேரம் தாங்கியிருந்தார். அதற்கு முந்தின நாள் நாற்பது நிமிடத்திலேயே மறுபடி மெஷினில் மாட்டிவிட்டார்கள். சந்தோஷமாக உள்ளே போனேன். கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாகத் தூக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. கழுத்தில் குழாய் இருப்பதால் குரல் வராது, தெரியும்தானே. ஒரே சொல். வாய் மூன்று முறை அசையும், நிற்கும், மறுபடி அதே.

"தண்ணியாப்பா?" இல்லை என்று தலையாட்டல். "அம்மா வரணுமா?" இல்லை. "வலிக்குதா?" இல்லை. பேனாவும் பேப்பரும் கொடுத்தேன். கை நடுங்கி ஒரு சுழி, அதிலிருந்து கீழே ஒரு கோடு. 'இ' மாதிரியும் இருந்தது, 'கு' மாதிரியும் இருந்தது. அதற்குள் "டைம் ஆச்சு சார்" என்றார் சிஸ்டர். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூக்கத்தில் இல்லை, கோபத்தில்.

43-ஆம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது நன்றாகப் பேசுகிறார், சண்டையும் போடுகிறார். "அன்னைக்கு என்னப்பா சொன்னீங்க?" என்றால், "நீ எப்படா வந்த?" என்கிறார். அந்தப் பேப்பர் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

நெல்லைக்காரி

எங்க அம்மாவுக்குக் கட்டுவிரியன். தரையில் பாய் போட்டுப் படுத்தவள், விடியக்காலை 4 மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். கடிவாய் எதுவும் தெரியவில்லை. நாங்கள் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அந்த வெட்கக்கேட்டை என்ன சொல்ல. ஆறு மணிக்கு இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. 108-ல் போகும்போதே மூச்சு திணறல்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனிகளைச் சிதைத்துவிட்ட பிறகு அந்த மருந்தால் அதைத் திருப்ப முடியாதாம். நுனிகள் தானாக வளர்ந்து வரவேண்டும், அதுவரை மூச்சை மெஷின் விடும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள். கண் மூடிக் கிடக்கிறாள், கை கால் அசையவில்லை, டார்ச் அடித்தால் கண்மணிகூட சுருங்கவில்லை. சித்தப்பா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "மூளை போயிருச்சு, இனி எதுக்கு மெஷின், காசுக்குப் பிடிச்ச கேடு" என்றார். சத்தமாகவே. அப்போது வந்த சின்ன டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "அம்மா, உங்க பொண்ணு நிக்கிறாங்க. தெரிஞ்சா கால் கட்டைவிரலை அசைங்க" என்றார்.

அசைந்தது. ஒரு நெல்மணி அளவுக்கு.

அப்புறம் தலையைத் தலையணையிலிருந்து தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லிப் பார்த்துப் பார்த்து, ஏழாம் நாள் டியூபை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து சித்தப்பா வந்தார். அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "மூளை போனவ போட்ட காப்பி எப்படி இருக்கு கொழுந்தனாரே?"

ஓய்வுபெற்ற கணக்கர்

@வைகைக்கரை, 11-ஆம் நாளே கழுத்தில் ஓட்டை போட்டது அவசரம். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். என் அம்மாவுக்கு 9 நாள் டியூப், எடுத்தார்கள், வந்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சில விஷயங்கள் சொல்லவேண்டும். பேனா கொடுத்ததே தப்பு. படுத்த கையால் எழுத வராது. தமிழில் 247 எழுத்து என்று பயப்படவேண்டாம். முதலில் 18 மெய் வரிசையைச் சொல்லவேண்டும்: க, ச, ஞ என்று. (ங-வை விட்டுவிடுங்கள், அதில் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.) வேண்டிய வரிசை வந்ததும் கண்ணை ஒருமுறை மூடச் சொல்லுங்கள். பிறகு அந்த வரிசையில் அ, ஆ, இ, ஈ. இந்த வரிசைகளில் எந்த எழுத்தானாலும் அதிகம் போனால் முப்பது கேள்வியில் முடிந்துவிடும். நான் அட்டையில் கட்டம் போட்டு எடுத்துப்போனேன். அம்மா முதலில் சொன்ன வார்த்தை 'போ'. அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்தபின்: காற்று மெத்தை வாங்குங்கள், மூச்சை உறிஞ்சி மூன்று பந்தை உயர்த்தும் அந்தக் கருவியில் தினமும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள், புகைபோட்டுச் சாம்பிராணி காட்டாதீர்கள், கற்பூரவள்ளிச் சாறு கொடுங்கள். மெஷின் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மெஷின்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் சொன்ன யோசனைப்படி, கழுத்தில் ஓட்டை போட்டு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் ரப்பர் பையைக் கையால் அழுத்தியே ஆட்களைப் பிழைக்கவைத்தார்கள். இன்றைய ஐ.சி.யூ. அங்கிருந்து வந்ததுதான். மாணவர்கள் சம்பளம் எவ்வளவு வாங்கினார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி

நான் ஐ.சி.யூ. நர்ஸ். கணக்கர் ஐயா, 11-ஆம் நாள் அவசரம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் எடுக்க முடியாது என்று தெரிந்தால் போடுவது வழக்கம்தான். மயக்க மருந்தைக் குறைக்கலாம், வாயைச் சுத்தமாக வைக்கலாம், சிறிது சிறிதாக மெஷினிலிருந்து கழற்றிப் பழக்கலாம். மற்றது, கற்பூரவள்ளிச் சாறு. விழுங்குவதைச் சோதிக்காமல் வாயில் ஒரு சொட்டும் வைக்காதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும்.

சரி, என் கதை. என் அப்பா வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில். அங்கே நான் நர்ஸ் இல்லை, மகள். மெஷினைக் குறைத்துத் தானாக மூச்சு விடவைத்துப் பார்க்கும் அரை மணி நேரம் நான் பக்கத்தில் நின்றேன். முதல் பத்து நிமிடம், மூச்சு நிமிடத்துக்கு 22. பிறகு 28. நெற்றியில் வேர்வை முத்து. 36. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது 240 மில்லிதான். எண்ணிக்கையை லிட்டரால் வகுத்தால் 150. 105-க்குள் இருந்தால்தான் நம்பிக்கை. டூட்டி டாக்டர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாத மாதிரி சிரித்தேன். அப்பா மானிட்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்காவது முயற்சியில் டியூபை எடுத்தார்கள். அன்றைக்கு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். இப்போது வேலையில் யாருடைய பிள்ளையாவது பக்கத்தில் நின்று மானிட்டரை வெறித்தால், "வெளியே இருங்க" என்று சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்

கற்பூரவள்ளி 'வீட்டுக்கு வந்தபின்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மேலே படிக்கவும்.

இரவுப்பணி

வீட்டுக்கு வந்தபின்னும் அதேதான் ஐயா. கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு.

தெற்கு ரயில்

நெல்லைக்காரி அக்கா, உங்க அம்மாவுக்கு என் வணக்கம்.

என்னுடையது சின்னக் கதை. அப்பாவின் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். ஐ.சி.யூ.வில் நாளாக ஆக ஒரு மாதிரி குழப்பம் வரும் இல்லையா, கட்டிலுக்கு அடியில் ஆட்டுக்குட்டி நிற்பதாக விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். மணிக்கட்டில் சிவப்புத் தடம். எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டேன், சூப்பர்வைசர் வரைக்கும் போனேன். இடது கையை மட்டும் அவிழ்த்தார்கள். அன்று ராத்திரி 2 மணிக்கு போன். டியூபைத் தானே இழுத்துவிட்டார், மறுபடி போட வேண்டியதாயிற்று, தொண்டையில் ரத்தம்.

வெளியே வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதனால்தான் ஆனதா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. பேச்சு கரகரப்பாகவே நின்றுவிட்டது. போனில் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் நான் அவிழ்க்கச் சொன்ன கைதான் ஞாபகம் வருகிறது.

நெல்லைக்காரி

தம்பி, கட்டியே வைத்திருந்தாலும் இழுக்கிறவர்கள் இழுப்பார்கள். இதைப் போட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவிடம் சொல்லிவிடு.

தெற்கு ரயில்

சொல்லலாம்தான் அக்கா. பார்ப்போம்.

இரவுப்பணி

@வைகைக்கரை, தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்க அப்படித்தான் வைப்போம். ஆனால் நாள் கணக்கில் அப்படியே இருந்தால் ஆள் சரிந்து சரிந்து இடுப்பு நோகும். நிறைய பேர் எங்களிடம் கேட்பது 'இறக்கு' என்பதைத்தான். வாய் மூன்று முறை அசையும். 'இ'யில் தொடங்கி 'கு'வில் முடியும்.

வைகைக்கரை

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பேசும்போது 'எறக்கு' என்றுதான் சொல்வார். ஆனால் எழுதினால் 'இ' போடுவார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். யோசித்தார். "இருக்கும்டா. இடுப்பு விட்டுப்போயித்தான் கெடந்துச்சு. ஆனா அம்புட்டு நேரம் கத்திக்கிட்டு இருந்தேன்னா வேற என்னமோ சொல்லியிருப்பேன்" என்றார்.

கத்தினாராம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பேப்பரை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு, தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் எழுத்தே இல்ல" என்று கொடுத்துவிட்டார். மறுபடி பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்

பர்ஸில் வைத்தால் மடிப்பில் கிழிந்துவிடும். லேமினேஷன் போட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய் கேட்பான், இருபதுக்கு முடியுங்கள்.