ஓவர்ஃப்ளோ குழாயை உயர்த்தியும் தொட்டியில் நீர்மட்டம் ஏறவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
கடல்நீர் மீன்தொட்டி, 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். உள்ளே அக்ரிலிக் ஓவர்ஃப்ளோ பெட்டி, மேல்விளிம்பு பல் பல்லாக வெட்டியது. தண்ணீர் அதற்குள் வழிந்து, வடிகுழாய் வழியே கீழே இருக்கும் சம்புக்கு (அடித்தொட்டி) இறங்கும், பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். தண்ணீர் தொட்டி விளிம்புக்கு 4 செ.மீ. கீழேயே நிற்கிறது, முன்னாலிருந்து அந்தக் கோடு அப்படியே தெரிகிறது. 2 செ.மீ. ஏறினால் போதும். பெட்டிக்குள் இருக்கும் வடிகுழாயை உயர்த்தினேன், சத்தம் குறைந்ததே தவிர மட்டம் அசையவில்லை. பெரிய பம்ப் போட வேண்டுமா?

பதில்:
பம்ப் வேண்டாம். வடிகுழாய் பெட்டிக்குள் இருக்கும் மட்டத்தைத்தான் மாற்றும், தண்ணீர் விழும் உயரம் குறைந்ததால் சத்தம் அடங்கியது. தொட்டியின் மட்டம் ஏரிக் கலிங்கு மாதிரிதான்: பல் இடுக்குகளின் அடி எங்கே இருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. 30 செ.மீ. நேர்விளிம்பில் மணிக்கு 3000 லிட்டர் போனால் ஏறக்குறைய 13 மி.மீ. உயரத்தில் வழியும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் 21 மி.மீ.தான், அந்த 8 மி.மீ.க்காகப் புது பம்பா? பற்களின் அடியை மறைத்து 2 செ.மீ. உயர அக்ரிலிக் பட்டை ஒன்று வையுங்கள், மட்டமும் அதே அளவு ஏறும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சிலிகான் வைத்து ஒட்டிவிடலாமா?

பதில்:
சிலிகான் அக்ரிலிக்கில் உறுதியாகப் பிடிக்காது. பட்டையில் செங்குத்தாக நீளத்துளை போட்டு நைலான் திருகால் மாட்டுங்கள், ஏற்றி இறக்கலாம். இரும்புத் திருகு உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும்.

இன்னொரு பதில்:
பட்டை சரி, ஆனால் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே! உங்கள் தொட்டியில் 2 செ.மீ. என்றால் 10.8 லிட்டர். பம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்கடியில் இருந்தால், பம்ப் நின்றதும் அது வெளியே தெரியும்வரை தண்ணீர் சைஃபன் ஆகி, அதாவது அதே குழாய் வழியே தானாகப் பின்னோக்கி ஓடி, சம்புக்கு இறங்கும், பட்டை போட்டபின் இந்த 10.8 லிட்டரும் சேர்ந்து இறங்கும். அதனால் வாயையும் 2 செ.மீ. உயர்த்துங்கள். சைஃபனை உடைக்க அந்தக் குழாயில் போடும் சின்னத் துளையை மட்டும் நம்பாதீர்கள், பாசி அடைத்துவிடும்.

அப்புறம், வடிகுழாய் அடைத்துக்கொண்டால் சம்பில் பம்ப் இருக்கும் அறையில் உள்ள தண்ணீர் முழுக்க மேலே வரும். அதைத் தாங்க இனி விளிம்புக்குக் கீழே 2 செ.மீ.தான் மிச்சம், அதுவும் அதே 10.8 லிட்டர். பம்ப் அறையில் அதைவிட அதிகம் இருந்தால் பட்டையை 1 செ.மீ.யோடு நிறுத்துங்கள். திருகுவதற்கு முன் பட்டையைக் கிளிப்பில் பிடித்து ஓடவிட்டு, பம்பை அணைத்து, சம்ப் தாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.