பேட்டர்ன் ஈஆர்ஜி: 'வடிவத்தூண்டல் விழித்திரை மின்வரைவு' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேட்டர்ன் எலெக்ட்ரோரெட்டினோகிராம் (பேட்டர்ன் ஈஆர்ஜி) என்பது, திரையில் மாறும் வடிவத்தைப் பார்க்கும்போது விழித்திரையில் எழும் மின் எதிர்வினையைப் பதியும் கண் சோதனை. இதற்கு 'வடிவ விழித்திரை மின்வரைவு', 'கட்ட விழித்திரை மின்வரைவு' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் பரிந்துரையாக வந்துள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவதைப் படித்தால் வடிவம் விழித்திரைக்கு உரியது என்றாகிவிடுகிறது. வடிவம் இருப்பதோ கண்ணுக்கு எதிரே உள்ள திரையில், அதுதான் தூண்டல்.

சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்குச் சுமார் 4 முறை நிறம் மாற்றிக்கொள்கின்றன. ஒரு கட்டம் வெளுக்கும்போது பக்கத்துக் கட்டம் கறுப்பதால் திரையின் மொத்த வெளிச்சம் மாறுவதில்லை. வெளிச்சம் கூடுவதற்கும் குறைவதற்கும் எழும் சமமான எதிர்வினைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவதில் பெரும்பங்கு கேங்லியான் செல்களுடையது, அதாவது விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்களுடையது. 1981-இல் ஆய்வாளர்கள் மாஃபேயும் ஃபியொரென்டினியும் பூனையின் பார்வை நரம்பை வெட்டி இதைக் காட்டினார்கள். நாளடைவில் கேங்லியான் செல்கள் அழிந்தன, வடிவத்துக்கான எதிர்வினையும் மறைந்தது. வெறும் ஒளிவீச்சுக்கான எதிர்வினை மட்டும் தங்கியது. ஆகவே 'வடிவம்', 'தூண்டல்' இரண்டும் சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, 'கட்டம்' ஏன் கூடாது? 1964-இல் ரிக்ஸ் குழுவினர் மனிதக் கண்ணில் இத்தகைய எதிர்வினையைப் பதிந்தபோது காட்டியவை கோடுகள், கட்டங்கள் அல்ல.

இன்னொன்று. விழித்திரையில் பிம்பம் கூர்மையாக விழ வேண்டும், மங்கினால் எதிர்வினை சுருங்கிவிடும். அதனால்தான் கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விடாமல், கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடியோடு எடுக்கிறார்கள். பார்வையை மறைக்காதபடி கீழிமையோரம் மெல்லிய நூல் மின்முனை வைக்கிறார்கள். கிடைப்பதோ சில மைக்ரோவோல்ட்! நூறு முறைக்கு மேல் பதிந்து சராசரி எடுத்தால்தான் அலை தெளிகிறது.

அப்புறம், அலைகளின் பெயர்கள். சுமார் 50 மில்லிநொடியில் மேலெழுவதை 'நேர் 50' என்றும், 95-இல் கீழிறங்குவதை 'எதிர் 95' என்றும் சொல்லலாம். நேர்மின், எதிர்மின் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதானே. இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா பழுதானால் நேர் 50 குன்றும். பார்வை நரம்பு நோயிலோ பெரும்பாலும் எதிர் 95 மட்டும் குன்றும். அறிக்கையில் மருத்துவர் முதலில் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

'கேங்லியான்' செல்லுக்கு என்ன சொல்லலாம்? 'நரம்புமுடிச்சு' நீளமாகப் படுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.