பிரேக் எடுத்தும் அசதி போகலை, எங்கே தப்பு?

சோழிங்கநல்லூர்வாசி:
காலை 10 முதல் ராத்திரி 8 வரை ஸ்க்ரீன் முன்னாடி. டீ, சாப்பாடுன்னு நடுவில் நேரம் இருக்கு, ஆனா அதுவும் மொபைல்லயே போயிடுது. 4 மணிக்கெல்லாம் கண் எரிச்சல், தலைபாரம். பிரேக் எடுக்க 25 நிமிஷ டைமர் வெச்சா மீட்டிங் நடுவில் அடிக்குது. அக்காவுக்கு தி.நகர் துணிக்கடையில் நாள் பூரா நின்னே வேலை. அவங்களுக்கும் சேர்த்து வழி சொல்லுங்க.

பிசியோ_தாம்பரம்:
எது களைச்சிருக்கோ அதுக்குத்தான் ஓய்வு கொடுக்கணும். லேப்டாப்பை விட்டு மொபைலைப் பார்த்தா கண்ணுக்கும் கழுத்துக்கும் அதே வேலைதான் தொடருது.

கண்ணுக்கு: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பாருங்க. க்யூபிக்கிள் சுவர் 4 அடியில் நிக்கும், அது கணக்கில் வராது. ஜன்னலோ காரிடார் கோடியோ வேணும். ஸ்க்ரீனைப் பார்க்கும்போது இமைக்கிறது குறையும், ஏசி காத்து நேரா முகத்தில் அடிச்சா கண் இன்னும் காயும். முதல்ல அந்த ஏசி துவாரத்தைத் திருப்பச் சொல்லுங்க.

உடம்புக்கு: 1 லிட்டர் பாட்டிலை மேஜையில் வெக்காதீங்க. 250 மில்லி டம்ளர் போதும். தீர்ந்தா எழுந்துதானே ஆகணும்!

கோட்_பாட்டி:
டைமர் எல்லாருக்கும் ஒத்துவராது. கோட்ல (கம்ப்யூட்டர் நிரல்) பக், அதாவது பிழை, பிடிக்கிற வேலையில் 25-வது நிமிஷம் மணி அடிச்சா பிடிச்ச நூல் அறுந்துடும். வேலை ஒரு கட்டத்துக்கு வந்ததும் எழுந்திருங்க, ஆனா 60-70 நிமிஷம் தாண்ட விடாதீங்க. எழுறதுக்கு முன்னாடி 'அடுத்து இதைச் செய்யணும்'னு ஒரு வரி எழுதி வைங்க. அது இல்லாட்டி நடக்கும்போதும் மண்டையில் அதே கோட்தான் ஓடும்.

மீட்டிங்குக்கு: கூகுள் காலண்டர் செட்டிங்ஸ்ல மீட்டிங்கைச் சீக்கிரம் முடிக்கிற வசதி இருக்கு. 30 நிமிஷம் 25 ஆகும், 60 நிமிஷம் 50 ஆகும். நீங்க கூப்பிடுற மீட்டிங்குக்கு மட்டும்தான் இது. மத்தவங்க கூப்பிட்டா வாயைத் திறந்து கேட்கத்தான் வேணும்.

லேபர்_லா_பாரிமுனை:
அக்கா விஷயத்தில் சட்டமே துணைக்கு இருக்கு. 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதுக்குள்ள 1 மணி நேர ஓய்வு கொடுக்கணும். 2021-ல் 22-ஏ பிரிவு சேர்ந்தது: எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வாய்ப்பு கிடைக்கிறப்போ உட்காரலாம். ஸ்டூல் போட்டுட்டு 'உட்காராதே'ன்னு முறைக்கிறதும் மீறல்தான். தனியா போய் நிக்காம நாலு பேரா முதலாளிகிட்ட கேளுங்க, சரிவரலைன்னா தொழிலாளர் உதவி ஆய்வாளர்கிட்ட எழுத்துல புகார் கொடுக்கலாம்.

பிசியோ_தாம்பரம்:
கூடவே இதையும் அவங்ககிட்ட சொல்லுங்க. அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்கி 15 முறை. சும்மா நிக்கும்போது ஒரு காலை அரை அடி உயரப் பலகை மேல மாத்தி மாத்தி வெச்சா இடுப்பு வலி குறையும். தட்டைச் செருப்பு வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் 10 நிமிஷமாவது காலைத் தூக்கி வெக்கணும். கழிவறைக்கு விடமாட்டாங்கன்னு தண்ணி குடிக்காம இருக்கிறது ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன்ல ரொம்ப சகஜம். நீர்க்கடுப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

சோழிங்கநல்லூர்வாசி:
நன்றி. மதியம் கண் சொக்குதே, தூங்கலாமா? இல்லை வெளியே நடக்கணுமா?

கோட்_பாட்டி:
தூங்கலாம், சாஞ்சு உட்கார்ந்து 20 நிமிஷம். அரை மணி தாண்டினா ஆழ்ந்த தூக்கத்தில் போய், எழுந்ததும் இன்னும் மந்தமா இருக்கும். காபியைக் குடிச்சிட்டுப் படுங்க. எழுற நேரத்துக்குத்தான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். 3 மணிக்கு மேல் காபி வேண்டாம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். மே மாச மதியத்தில் வெளியே நடக்கிற பேச்சே வேண்டாம், கட்டடத்துக்குள்ளேயே ரெண்டு மாடி ஏறி இறங்குங்க. நடக்கிறதா இருந்தா கடற்காத்து வந்த பிறகு. மேற்குக் காத்து பலமா அடிக்கிற நாள்ல அது வர லேட்டாகும்.