"அசல் எங்கே?": ஆவணச் சாட்சியம் குறித்த அனுபவங்கள்

கூட்டு வியாபாரம் கலைந்ததும் கணக்குக் கேட்டு அப்பா வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தின் அசல் பங்காளியிடம். எங்களிடம் ஜெராக்ஸ் மட்டும். அதை நீட்டினால் போதும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். வக்கீல் அவசரப்படவில்லை. அசலைத் தாக்கல் செய்யும்படி முதலில் எதிர்தரப்புக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பினார். அப்போது நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65, 66 பிரிவுகள் கேட்டது அதைத்தான்: அசல் எதிராளியின் வசம் இருக்கிறது, கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று காட்டினால்தான் நகலுக்கு வழி திறந்தது. பங்காளி வாயே திறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. குறுக்கு விசாரணையில், இந்த நகலை எடுத்தது யார், அசலோடு ஒப்பிட்டது யார் என்று துளைத்தார்கள். கடையில் நின்று நகல் எடுத்த அண்ணனே கூண்டில் ஏறியதால் பிழைத்தோம். அடுத்து முத்திரைத்தாள். அசலில் முத்திரைத் தீர்வை குறைவாக இருந்திருந்தால், நகலுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. உச்ச நீதிமன்றம் 1971-இலேயே சொல்லிவிட்டது. நல்லவேளை, தாளின் மதிப்பு நகலில் தெளிவாகத் தெரிந்தது.

* * *

எங்களுக்கு நடந்தது நேர்மாறு. வாடகை வழக்கில் எதிர்தரப்பு ஜெராக்ஸ்களுக்கு வரிசையாகச் சான்றாவண எண் போட்டுக் குறியீடு செய்தது. எங்கள் வக்கீல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இறுதி வாதத்தில்தான் "அசல் வரவில்லையே" என்று முழங்கினார். நீதிபதி, குறியிடும்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். வெங்கடாசல கவுண்டர் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. சட்டப்படி ஏற்கவே முடியாத ஆவணத்தை எப்போதும் எதிர்க்கலாம். நிரூபிக்கும் முறையில் மட்டும் குறை என்றால் அப்போதே எழுந்து நிற்க வேண்டும். எண் போட்டுவிட்டாலே உள்ளடக்கம் உண்மையாகிவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வாதம் எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

* * *

காகிதமாவது பரவாயில்லை. நான் வாட்ஸ்அப் செய்திகளை அச்சிட்டுக் கொண்டுபோனேன். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் கருவியை வைத்திருப்பவரும், மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியெண்) வேண்டும். கருவியையே கொண்டுவந்து அதன் உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் தீர்ப்பு உண்டு. அந்த வழியும் எனக்கு இல்லை. பழைய போனை விற்றுப் புதியது வாங்கியிருந்தேன்.