பெர்பெச்சுவல் ஆக்சஸ்: ‘நிரந்தர அணுகல்’ பொருந்துமா?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். நம் நூலகக் கலைச்சொல் பட்டியலில் ‘பெர்பெச்சுவல் ஆக்சஸ்’ (perpetual access) என்பதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. அண்ணாச்சி எழுதியதை மேற்கோளாக வைத்துச் சொல்கிறேன்.

> ‘நிரந்தர அணுகல்’னே வச்சுக்கிடலாமே. எல்லாருக்கும் புரியுற சொல்லுதானே?

புரிகிறது அண்ணாச்சி, ஆனால் தப்பாகப் புரிகிறது. ஒரு மின்னிதழுக்கு 2012 முதல் 2018 வரை சந்தா கட்டிவிட்டு நிறுத்துகிறோம் என்று வையுங்கள். பெர்பெச்சுவல் ஆக்சஸ் உள்ள ஒப்பந்தம் என்றால் அந்த ஏழு ஆண்டு இதழ்களைத் தொடர்ந்து படிக்கலாம். 2019 கிடையாது. சந்தா இருந்தவரை கூடவே திறந்திருந்த 1990களின் இதழ்களும் பெரும்பாலும் கிடையாது. ‘நிரந்தரம்’ என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் கல்லூரி முதல்வருக்கு இந்த வரம்பு தெரியாமலே போய்விடும்.

பாளையங்கோட்டையில் எங்கள் நூலகத்துக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். தாமிரபரணி மீன்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர். 2014இல் வந்த கட்டுரை ஒன்று அவருக்கு வேண்டும். அந்த ஆண்டுக்கு நாங்கள் பணம் கட்டிய ரசீது கோப்பில் இருக்கிறது. திரையிலோ கட்டுரைச் சுருக்கம், அதன் கீழே டாலரில் விலை, அவ்வளவுதான். பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டோம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு உரிமை குறிப்பிடப்படவில்லை என்று பதில் வந்தது. அதே இதழின் 1998ஆம் ஆண்டு அச்சுத் தொகுதி, காலிகோ துணி பைண்டிங்கோடு இன்றும் அலமாரியில் இருக்கிறது. சந்தாவை நிறுத்தியதற்காக அதை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகவில்லை.

அதனால் என் பரிந்துரை: ஈட்டிய அணுகலுரிமை. நம் கல்லூரி அலுவலகங்களில் ‘ஈட்டிய விடுப்பு’ தெரியாதவர் கிடையாது. வேலை பார்த்த காலத்துக்குக் கணக்கில் சேருகிறது, சேர்ந்தபின் அது நம்முடையது. பணம் கட்டிய ஆண்டுகளும் அப்படித்தான் நம் கணக்கில் சேர வேண்டும்.

> நீளமா இருக்கே. ‘ஈட்டுரிமை’ன்னு சுருக்கினா என்ன?

சுருக்கினால் ‘ஈடு’ உள்ளே வந்துவிடும் அண்ணாச்சி. ஈட்டுக்கடன், அடமானம் என்ற நினைப்பில் படிப்பார்கள். நீளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், உரிமை வேறு, அதைக் காக்கிற ஏற்பாடு வேறு. பதிப்பகமே கடையை மூடிவிட்டால் ஒப்பந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் நூலகங்களே நகல்களைப் பகிர்ந்து காக்கும் லாக்ஸ், மையக் களஞ்சியமாக இயங்கும் போர்ட்டிகோ போன்றவை இருக்கின்றன. இவற்றைக் குறிக்க ‘மின்காப்பகம்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

இதை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மின்னிதழ்களைச் சேர்த்து வாங்கித் தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், நடத்துவது பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட். இவ்வளவு பொதுப்பணம் போட்ட மூன்று ஆண்டு இதழ்களும் 2028இல் நமக்குத் திறக்குமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கல்லூரி நூலகரும் தமிழிலேயே தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும்.

பட்டியலில் இப்படிப் பதியலாம்:

ஈட்டிய அணுகலுரிமை: சந்தா முடிந்த பின்னும், பணம் செலுத்திய ஆண்டுகளின் மின்னிதழ்களைத் தொடர்ந்து படிக்க நூலகத்துக்கு உள்ள உரிமை.

தென்காசி, தூத்துக்குடி நண்பர்கள் தங்கள் ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் விளக்கத்தை இன்னும் இறுக்கிவிடலாம்.