இரும்பு-13 கொத்து கைக்கு வந்துவிட்டது. ஃபெரிஹைட்ரைட் வழக்கு முடிந்ததா?

செம்மண்:
ஊற்றுநீர் கசியும் இடத்தில் செம்பழுப்புச் சேறாகப் படிகிறதே, அதில் பெரும்பாலும் இருப்பது ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்புக் கனிமம். துகள் சில நானோமீட்டர்தான் என்பதால் எக்ஸ் கதிரில் கூர்மையான கோடுகள் விழாது. அதனால்தான் அதன் அணு அமைப்பு பற்றிய சண்டை இத்தனை வருடம் நீள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு இரும்பு நான்முகி இடத்தில் (நான்கு ஆக்சிஜன் சூழ) இருக்கிறது, அடிப்படை அலகு 13 இரும்பு அணுக்கள் கொண்ட கெக்கின் கொத்து (நடுவில் ஓர் அணு, சுற்றிலும் 12) என்று 2007இல் மிஷேல் குழு சொன்னது. 2015இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மே நைமன் குழு அந்த இரும்பு-13 கொத்தைத் தண்ணீரிலேயே உருவாக்கிப் படிகமாக்கிக் காட்டியது. இனி மறுக்க என்ன இருக்கிறது?

பாறைமுகடு:
நிறைய இருக்கிறது. இந்தக் கொத்தின் நடுவில் நான்கு ஆக்சிஜன் சூழ ஓர் இரும்பு. அதைச் சுற்றி மும்மூன்று இரும்பாக நான்கு குழுக்கள். ஒரு குழுவை 60 பாகை திருப்பினாலே வேறு மாற்றியம், அதாவது அதே அணுக்கள், வேறு அடுக்கு. எதையும் திருப்பாதது ஆல்ஃபா, மூன்றைத் திருப்பியது டெல்டா. மிஷேல் மாதிரிக்குத் தேவை டெல்டா. நைமன் குழு படிகமாக்கியது ஆல்ஃபா! அதுவும் 6 பிஸ்மத் அயனிகள் மூடிபோல் உட்கார்ந்து, 12 டிரைகுளோரோஅசிட்டேட் என்ற கரிம அயனிகள் சுற்றிப் பிடித்த பிறகு. ஊற்றுநீரில் இவை ஏது? எல்லா இரும்பும் எண்முகியில்தான் (ஆறு ஆக்சிஜன் சூழ) என்ற டிரிட்ஸின் 1993 மாதிரியை இது அசைக்கவே இல்லை.

செம்மண்:
பிஸ்மத் இல்லாமலும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெதரில் குழு இரும்பு நைட்ரேட் கரைசலில் காரத்தை மெல்லச் சேர்த்துச் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலால் தொடர்ந்து கவனித்தது. pH ஒன்றைத் தொடும் முன்பே சுமார் 0.45 நானோமீட்டர் ஆரமுள்ள கொத்துகள் தோன்றின. காரம் ஏற ஏற அவை ஒன்றுகூடி ஃபெரிஹைட்ரைட் ஆயின.

பாறைமுகடு:
அந்தச் சிதறல் சொல்வது அளவையும் வடிவத்தையும். எந்தக் குழு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அது காட்டாது. அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக அமைப்பும் அதுவே என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

நீரோட்டம்:
இருவரும் அமைப்பிலேயே நிற்கிறீர்கள். என்னைக் கேட்டால் கொத்தின் பெரிய பயன் வேறு. 13 அலுமினியம் அணுக்கள் கொண்ட அதே வகைக் கொத்தான அலுமினியம்-13 கெக்கினை எடுங்கள். அதன் ஆக்சிஜன்கள் சுற்றியுள்ள நீரோடு இடம் மாறும் வேகத்தை கேசியும் கூட்டாளிகளும் ஆக்சிஜன்-17 என்ற ஐசோடோப்பைப் பின்தொடரும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் அளந்து 2000இல் வெளியிட்டார்கள். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு வகை ஹைட்ராக்சில் பாலங்கள் (இரு அலுமினியத்தை இணைக்கும் OH). ஒன்று நிமிடக் கணக்கில் மாறுகிறது, மற்றது பல மணி நேரம் எடுக்கிறது. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வித்தியாசம்! கனிமப் பரப்பில் இடம் இடமாக இப்படிப் பிரித்து அளப்பது மிகக் கடினம். பாலத்தின் தோற்றத்தை வைத்து வேகத்தைக் கணிக்கக் கூடாது என்று நமக்குத் தெரிந்ததே இந்தக் கொத்தால்தான்.

பாறைமுகடு:
வேகம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க சரி. அங்கே அமைப்பை ஐயமறத் தெரிந்துகொண்டு அளந்தார்கள். ஃபெரிஹைட்ரைட்டில் அந்த அடித்தளமே வழக்கில் இருக்கிறது. நிலத்தடி நீரின் ஆர்செனிக் அதன் பரப்பில் எப்படி ஒட்டுகிறது என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத் தவறான மாதிரியைக் கொடுத்துவிடக் கூடாது. பிஸ்மத் இல்லாத டெல்டா படிகம் ஒன்று வரட்டும், என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

செம்மண்:
டெல்டா வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் நான்முகி இரும்பு இந்தக் கொத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. 2012இலேயே எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீட்டில், ஃபெரிஹைட்ரைட்டிலேயே அதன் தடயத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். எண்முகி மட்டும்தான் என்றால் அந்தத் தடயத்துக்கு உங்கள் விளக்கம் என்ன?